இர்விங்கில் யாருக்கும் வேலை போகவில்லை

உலகப் பொருளாதாரமே குப்புற விழுந்த 2009 பிப்ரவரியில், ஒரு கீறலும் படாமல் நிமிர்ந்து நின்ற ஒரே பேரரசு டெக்சாஸ் மாநிலம் இர்விங்கின் தமிழ்ச் சமூகம்தான். அங்கே யாருக்கும் வேலை போகவில்லை. சிலர் 'பிரேக்' எடுத்திருந்தார்கள். சிலர் 'குடும்பத்தோடு நேரம் செலவழித்தார்கள்'. இரண்டு பேர் தாடி வளர்த்தார்கள்.

மரகதத்துக்கு மட்டும் வியாழக்கிழமை வேலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் வேறொரு கம்பெனி அவளுடைய விசாவுக்கு மனு போடாவிட்டால், வீட்டின் முதல் பட்டதாரி கோபிச்செட்டிபாளையத்துக்குத் திரும்பிப்போய்த் தெருவுக்கே விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போனாள்.

தலைவர் சேனாபதி மைக்கைப் பிடித்தார். "வேர்ல்ட் வார் முடிஞ்சதும் இந்த நாட்டுக்காரன் என்ன பண்ணான்? வீடு வாங்கினான், கார் வாங்கினான், ஃப்ரிட்ஜ் வாங்கினான். அறுபது வருஷம் ஓடுச்சு. எதுல ஓடுச்சு? கான்ஃபிடன்ஸ்ல! ரிசெஷன்ங்கறது மனப்பிராந்தி. இந்த ஹால்ல அந்த வார்த்தையை யாரும் பேசக் கூடாதுங்க!"

தீர்மானம் கரகோஷத்தோடு நிறைவேறியது. நகல் வாஷிங்டனுக்கு அனுப்பப்படும் என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

'கம்பெனி மாறலாம்னு பாக்கறேன்' என்று மரகதம் பட்டும் படாமல் சொல்லி வைத்தாள். உடனே சேனாபதி உட்பட ஆறு பேர் விசிட்டிங் கார்டை நீட்டினார்கள். "எங்க ஆபீஸ்ல ஆள் எடுத்துட்டே இருக்கோம். ரெஸ்யூமே அனுப்பு கண்ணு!" ஊருக்கு வந்து மூன்றே மாதமான ஷஹீமா, "உங்க டீம்ல ஏதாச்சும் இருக்காக்கா?" என்று கேட்டபோது, மரகதத்துக்கும் மானம் இருந்தது. "ஓ, எடுக்கறாங்களே!" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மெயில் போட்டாள். 'அப்படியொரு முகவரி இல்லை' என்று ஆறும் திரும்பி வந்தன. சேனாபதிக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், மெயில் திரும்பி வந்துடுச்சுங்க."

"சர்வர் ப்ராப்ளம் கண்ணு."

"எப்ப இருந்துங்க?"

"நவம்பர்ல இருந்து."

பின்னணியில் பகல்நேர டி.வி.யில் யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள்.

"அப்புறம் எதுக்குங்க கார்டு குடுத்தீங்க?"

"இன்னும் நானூறு கார்டு மிச்சம் இருக்கு. என்ன பண்றது?"

"வெக்கமா இல்லீங்களா? உங்க பேச்சை நம்பி ரெண்டு நாளா வேற எங்கயும் தேடாம உக்காந்திருந்தேங்க!" பட்டென்று போனை வைத்தாள்.

அந்தச் சூடு ஆறுமுன் கதவு தட்டப்பட்டது. இஸ்திரி போட்ட உடையில், கையில் ரெஸ்யூமேயோடு ஷஹீமா நின்றாள்.

"மெயில்ல அனுப்பறதைவிட நேர்ல குடுக்கறதுதான் மரியாதைன்னு, நீங்க ஆபீஸ் கிளம்பறதுக்குள்ள வந்தேங்க்கா. பிஸ்கட்டவேங்கற ஊர்ல இருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டாங்க. ஆறு மாச காண்ட்ராக்ட், விசாவும் பண்ணித் தர்றாங்களாம். அவ்வளவு தூரம் எதுக்கு, மரகதம் அக்காதான் இருக்காங்களேன்னு காலையிலதான் வேணாம்னு சொல்லிட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மரகதம் வாயைத் திறந்தாள்.

"அந்த நம்பர் இருக்கா?"

"உங்களுக்கு எதுக்குக்கா?"

"எனக்கில்ல. தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி. வேலை போயிடுச்சு, பாவம்."

ஷஹீமாவின் கண்கள் கலங்கிவிட்டன. தப்பாகிவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை சொன்னாள். மரகதம் கடைசி எண்ணை மட்டும் மூன்றாவது முறையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"கவலைப்பட வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கக்கா," என்றாள் ஷஹீமா. "இன்னிக்கு அவளுக்காக துஆ பண்றேன்."