கொக்குகளுக்கு யாரும் கைதட்டுவதில்லை

'கொக்குகள்' பேஸ்பால் டீம் தொடர்ந்து ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்தது. ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை.

பெஞ்சு வரிசைகளுக்குப் பின்னால், உயரத்தில், புறாக்கூண்டு மாதிரி ஒரு மர அறை. அதிலிருந்து டீமின் மேனேஜர் ஓரின் ஹால்வர்சன் எட்டிப் பார்த்தார். கீழே வரிசை வரிசையாக முதுகுகள். முன்னால் சரிந்த தொப்பிகள். ஏரிப் பக்கம் சூரியன் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. புல்தரை முழுக்கத் தேன் நிறத்தில் வெளிச்சம் படிந்திருந்தது. ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஜனங்கள் மட்டும் அசையவில்லை.

"ஜெயிச்சிருக்கோம் லவோன். எழவு வீடு மாதிரி இருக்கே," என்றார் ஓரின்.

லவோன் வாசலில் டிக்கெட் கொடுப்பவள். கதவைச் சாத்தியதும் மேலே வந்து இந்த அறையில் கம்பளி பின்னுவாள். ஓரினைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் அதைவிட மூத்தது.

"ஜனங்க வரணும்னு கேட்ட. வந்திருக்காங்க. இப்போ கையும் தட்டணுமா உனக்கு? நல்லாத்தான் போகுது, நோண்டாதே."

நோண்டாமல் இருக்க ஓரினால் முடியுமா என்ன? இருபது வருஷம் ஆலங்கட்டி மழைக் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் போட்ட மனிதர். எந்த வயலில் கல் விழும் என்று பழைய வருஷங்களைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார், அங்கேயே விழும். காரணம் தெரியாத ஒரு விஷயம் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பைன் லேண்டிங் ஊரில் இரண்டே விஷயங்கள் உண்டு. ஒன்று வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலை, இன்னொன்று இந்த பேஸ்பால் மைதானம். இரண்டும் வில்மா டீட்ஸ் அம்மாளுக்குச் சொந்தம். தொழிற்சாலை இராப்பகலாக மூன்று ஷிஃப்டில் ஓடும். சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். ஊரில் எல்லார் கண்ணும் எப்போதும் சிவந்திருக்கும். வினிகர் நெடி என்று ஓரின் நினைத்துக்கொள்வார்.

வசந்தத்தில் டீட்ஸ் அம்மாள் அவரைக் கூப்பிட்டுவிட்டாள். அவள் வீடு தொழிற்சாலைக்கு நேர் எதிரே. அவள் கண்தான் ஊரிலேயே அதிகச் சிவப்பு.

"டீம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வச்சது. அவர் போயிட்டார், டீம் தோத்துட்டே இருக்கு," என்றாள். "வீட்டுல வைக்க இடமில்லாத சோபா, கட்டில் எல்லாம் போட்டு வைக்க கிடங்கு கட்டணும்னு ஒருத்தன் மைதானத்தைக் கேக்கிறான். ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை நானே வந்து உக்காந்து ஆட்டம் பாப்பேன். பெஞ்சு நிறையலேன்னாலோ, நீங்க ஜெயிக்கலேன்னாலோ, சோபாக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"கொஞ்சம் பணம் கொடுத்தீங்கன்னா நல்ல ஆட்டக்காரங்களா..."

"காசு கிடையாது, ஓரின். வேணும்னா ஊறுகாய் எடுத்துட்டுப் போ."

ஓரின் வெளியே வந்து ஏரிக்கரையில் வெகுநேரம் நின்றார். மனைவி அரிசோனாவுக்குப் போய்த் திரும்பாத வருஷமும் சரி, அப்பா இறந்த வருஷமும் சரி, சாயங்காலமானால் அவர் வந்து உட்கார்ந்தது இந்த மைதானத்தில்தான். இது போனால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. பாவம், அழுகைகூட வந்தது. பிறகு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார்.

பணக்கார டீம்கள் எல்லாம் பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடிப்பவனை வாங்குகின்றன. பார்க்க ஜோராக இருக்கும், விலையும் ஜோராக இருக்கும். ஆனால் ஓட்டம் எடுக்க வேண்டுமானால் ஒருவன் முதலில் தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பந்து வீசுபவன் நான்கு பந்தைத் தப்பாக வீசினால், மட்டையை ஆட்டாமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அப்படி நடக்கிறவனை யாரும் சீந்துவதில்லை. பழைய ஆட்டங்களின் எண்ணிக்கையை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், சீந்துவாரில்லாத இந்த நடைக்காரர்கள்தான் ஆட்டத்தை ஜெயிக்க வைக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஆகவே ஓரின் மலிவு விலையில் பொறுக்கினார். தொப்பை சரிந்த கால்வின் பீச். கண்ணாடியைக் கழற்றினால் பெற்ற தாயை அடையாளம் தெரியாத ஒருவன். முழங்கால் தேய்ந்த முன்னாள் தபால்காரர் ஒருவர். எல்லாரிடமும் ஒரே திறமைதான், பொறுமை. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள், நிற்பார்கள், நின்றுகொண்டே இருப்பார்கள். நல்ல பந்து வந்தால் லேசாகத் தட்டிக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு மறுபடி நிற்பார்கள். எதிராளி சலித்துப்போய்த் தப்பாக வீசுவான். இவர்கள் நடப்பார்கள்.

"இவங்களை டீம்னு சொல்றதா, பஸ்ஸுக்கு நிக்கிறவங்கன்னு சொல்றதா?" என்று தலையில் அடித்துக்கொண்டான் பயிற்சியாளர் ரூடி.

ஆனால் ஜெயித்தார்கள். ஆட்டம் மூன்று மணி நேரம் ஆயிற்று, பிறகு நான்கு. வெயிலில் தொடங்கினால் புல்லில் மின்மினி பறக்கும்போது முடியும். பந்து கையுறையில் போய் விழும் 'தப்' சத்தம், வெகுநேரம் கழித்து இன்னொரு 'தப்', நடுவே ஏரியிலிருந்து வரும் காற்று. மேலே உட்கார்ந்திருக்கும் ஓரினுக்கே உடம்பு மிதப்பது போல் இருக்கும்.

கூட்டமும் பெருகியது. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தார்கள். மெத்தை, போர்வை எல்லாம் கொண்டுவந்தார்கள். முழு ஆட்டத்தையும் இருந்து பார்க்கிற தீர்மானம் என்று ஓரின் நெகிழ்ந்துபோனார். ஒரு ஆள் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் வைத்தான். சர்ச்சில்கூட இந்த மரியாதை கிடையாது. டாக்டர் நெஸ் வேறு பெஞ்சு பெஞ்சாக நுனிக்காலில் நடந்து, ஒவ்வொருவர் கையாகப் பிடித்துவிட்டுப் போனார். மேயர் தேர்தலில் நிற்கப்போகிறார் போலிருக்கிறது.

எல்லாம் இருந்தும் கைதட்டல் இல்லை. ஜனங்களுக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை, டீட்ஸ் அம்மாள் வரும் நாளில் இந்த மௌனத்தைப் பார்த்தால் மைதானம் போச்சு என்று ஓரினுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

முதல் காரியமாக ஒரு பழைய படகின் ஹாரனை வாங்கிக் கூரையில் கட்டினார். கொக்குகள் ஒரு ஓட்டம் எடுத்தால் ஹாரன் அலறும். முதல் நாள் அலறியபோது கூட்டம் மொத்தமும் துள்ளி எழுந்தது. ஓரினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுநாள் பெஞ்சுகள் கால்வாசி காலி.

"சத்தம் போதலை," என்று முடிவு கட்டினார். பள்ளிக்கூட முரசுக் குழுவை வரவழைத்தார். பாதி பெஞ்சு காலி. யாரோ ஒருவர் ஹாரன்மேல் தலையணையை விட்டெறிந்திருந்தார்.

"நான் சொன்னா கேக்கப் போறியா?" என்றாள் லவோன்.

"சொல்லு."

"அந்த ஹாரனைக் கழட்டி ஏரியில போடு."

"உனக்கு விளையாட்டே புரியல லவோன். ஜனங்களுக்கு விறுவிறுப்பு வேணும்."

விறுவிறுப்புக்காக அவர் செய்ததுதான் உச்சம். கால்வினைப் பக்கத்து ஊர் வாட்டர்ஸ்டெட் டீமுக்குத் தள்ளிவிட்டு, ராய்ஸ் டட்டில் என்ற அதிரடி மன்னனைக் கொண்டுவந்தார். ராய்ஸ் கண்ணில் பட்ட பந்தையெல்லாம் வீசி அடித்தான். மற்றவர்களுக்கும் அந்த வியாதி தொற்றியது. சூரியன் ஏரியைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தும் விட்டார்கள்.

"இன்னிக்கு எத்தனை டிக்கெட்?"

"ரெண்டு," என்றாள் லவோன். "ஒண்ணு ராய்ஸோட அம்மா."

"இன்னொண்ணு?"

"காசைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார்."

மறுநாள் காலையில் சோபாக்காரன் அளவு நாடாவோடு வந்து மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தான். ஓரினைப் பார்த்துச் சிநேகமாகக் கையசைத்தான். ஓரின் ஓடிப்போய்க் கூண்டில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார். ஜெயித்தால் கூட்டம் கூடுகிறதா? சம்பந்தமே இல்லை. அடி பலமாக இருந்தால்? அதுவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு பொருத்தம் தட்டுப்பட்டது. ஆட்டம் எவ்வளவு நீளுகிறதோ, மறுநாள் அவ்வளவு கூட்டம்.

"புரிஞ்சுபோச்சு," என்றார். "டிக்கெட் விலை ஒண்ணுதான். நாலு மணி நேரம் ஆடினா ரெண்டு மடங்கு லாபம்னு பாக்கிறாங்க. கெட்டிக்கார ஜனங்க."

லவோன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பின்னலில் ஒரு கண்ணி தப்பிப்போகவே அதைக் கவனிக்கப் போய்விட்டாள்.

எண் சொன்னால் கேட்கிற மனிதர் ஓரின். ராய்ஸை அனுப்பிவிட்டுக் கால்வினைத் திரும்பக் கேட்டார். வாட்டர்ஸ்டெட்காரர்கள் கால்வினோடு ஒரு புது வலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முரசுகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பின. ஹாரனின் ஒயரை லவோன் கம்பளிக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, டிக்கெட் ஜன்னலில் ஒரு அட்டை தொங்கவிட்டாள். 'ஹாரன் இல்லை. கால்வின் உண்டு.'

ஒரே வாரத்தில் பெஞ்சுகள் நிரம்பின.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை டீட்ஸ் அம்மாள் கறுப்புத் தொப்பியோடு வந்து முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிராளி வாட்டர்ஸ்டெட். ஆட்டம் ஏரித்தண்ணீர் மாதிரி நகர்ந்தது. கால்வின் நின்றான். தபால்காரர் நின்றார். மேகம் ரோஜா நிறமாகிச் சாம்பலாகியது. கறுப்புத் தொப்பி மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. வெறுத்துப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள் என்று ஓரின் கவலைப்பட்டார்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். கொக்குகள் ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட். மூன்று தளத்திலும் ஆள். மட்டையோடு நிற்பது கால்வின். தப்பான பந்து மூன்று வந்துவிட்டது, நல்ல பந்து இரண்டு. இன்னும் ஒன்று தப்பாக வந்தால் கால்வின் நடப்பான், மூன்றாவது தளத்தில் நிற்பவன் வீடு வந்து ஓட்டம் எடுப்பான், ஆட்டம் சமன். நன்றாக வந்து அடிக்காமல் விட்டால் அவன் அவுட், எல்லாம் முடிந்தது.

பந்து வந்தது. விளிம்பில் வந்தது. கால்வின் அசையவில்லை.

நடுவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து கால்வின் காதருகே ஏதோ முணுமுணுத்தார். கால்வின் தலையாட்டிவிட்டு நுனிக்காலில் வெளியே நடந்தான். அவுட்.

வாட்டர்ஸ்டெட் ஆட்கள்கூடச் சத்தம் போடவில்லை. ஓரின் மைதானத்துச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இந்தப் பருவம் முழுக்க ஆட்டம் முடிந்த கையோடு அவர் கீழே இறங்கியது இதுதான் முதல் தடவை. பெஞ்சுகளில் ஜனங்கள் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தோல்வியில் கையை விரிக்கிறார்கள் என்று நினைத்து, தலையைக் குனிந்தபடி முதல் வரிசைக்குப் போனார்.

டீட்ஸ் அம்மாளின் கண் ஈரமாக இருந்தது. கன்னத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு.

"தோத்துட்டோம், டீட்ஸ் அம்மா," என்று சாவியை நீட்டினார்.

"அப்படியா," என்றாள் அவள். முகம் பத்து வயது குறைந்தது போல் இருந்தது. "அதை உள்ளே வை. மைதானத்தை விக்கல. அந்தத் தொப்பைக்காரப் பையனுக்கு சம்பளம் ஏத்து. நாளைக்கு இதே இடத்தை எனக்குப் பிடிச்சு வை."

அவள் போய்விட்டாள். சாவிக்கொத்து நீட்டிய கையிலேயே இருந்தது. கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் இந்தக் கணக்கு ஓரினுக்கு வரவில்லை. டாக்டர் நெஸ் நுனிக்காலில் அந்தப் பக்கமாக வந்தார்.

"டாக்டர், எனக்குப் புரியல. தோத்த ஆட்டத்துல அப்படி என்னத்தைப் பார்த்தாங்க அந்தம்மா?"

டாக்டர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு ஓரின், கடைசி வரிசை இன்னும் முழிக்கல. ஊர்ல பாதிப் பேருக்குத் தூக்க மாத்திரையை நிறுத்திட்டேன். அந்தம்மாவுக்கும் இன்னிலேருந்து தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சு இன்னிங்ஸ்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."