பதினேழு பேருடன் கண் முகாமுக்கு

பேத்தியின் கண்ணைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தவன் அவளைக் கண் முகாமுக்கு அழைத்துப் போகக் கூடாது. நான் போனேன்.

ஐந்து வயது நிவேதாவின் தூரப் பார்வை அப்படி. லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்றபடி, கடலில் புள்ளியாகத் தெரியும் ஃபைபர் படகு யாருடையது என்று சொல்லிவிடுவாள். மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் அவளைக் கேட்டுத்தான் கூடையைத் தூக்குவார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு, படம் வரையும்போது இடது கண் மூக்குப் பக்கம் போகிறது, தலை வலிக்கிறது என்று மருமகள் சுமதி ஒரு மாதமாகப் புலம்பினாள்.

"தூரத்துப் படகே தெரியுது, மடியில இருக்கிற நோட்டு தெரியாதா? எழுதச் சோம்பல்" என்றேன். (கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவனுக்குக் கண் வைத்தியம் தெரியாதா என்ன?)

"நீங்க சொன்னா சரிதான் மாமா. ஆனா காட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

சமுதாயக் கூடத்தில் முகாம். எங்கள் டோக்கன் நான்கு. டாக்டரம்மா நிவேதாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். நான் ஓடாத மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். (ஆறில் நான்கு.) "கொஞ்ச நேரம் இருங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. புழுக்கம் தாங்காமல் குழந்தையைக் கரைக்குத் தூக்கிப் போனேன்.

படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. மீன் விற்கும் எல்லம்மா ஓடி வந்தாள். "நிவே, முன்னாடி வர்றது யாரு போட்டு, சொல்லு கண்ணு."

குழந்தை கண்ணைக் கசக்கினாள். "தெர்ல ஆயா. எல்லாம் கலங்கலா கீது."

"ஒன் நைனா போட்டு எதும்மா?" என்று என் மகனின் படகைக் கேட்டேன் நான்.

"அதுவும் தெர்ல தாத்தா." அழ ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். "புள்ள கண்ண அவிச்சுட்டாங்க!" என்று கத்தினேன். எல்லம்மா கூடையை வீசினாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். கூடத்துக்கு நடந்தபடியே திரும்பி எண்ணினேன்: என்னைச் சேர்க்காமல் பதினேழு பேர். உள்ளே நுழைந்த வேகத்தில் டோக்கனை நாலாகக் கிழித்து டாக்டரம்மாவின் மேசையில் எறிந்தேன்.

அவர் பதறவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"மருந்து விட்டா மங்கலாத்தான் தெரியும், நாளைக்குச் சரியாயிடும்னு சொன்னேனே தாத்தா?"

"படகு பார்க்கிற கண்ணும்மா அது!"

"இத்தனை நாளா கண்ணுக்குள்ள இருக்கிற தசையை இறுக்கி இறுக்கித்தான் பார்த்திருக்கா. தூரத்துக்கு அது சமாளிக்குது. கிட்டப் பார்க்க இன்னும் இறுக்கணும், அப்பதான் கண்ணு உள்ளே இழுக்குது, தலை வலிக்குது. மருந்து அந்தத் தசைக்கு ஓய்வு குடுத்திருக்கு. இப்ப பார்த்தாத்தான் உண்மையான பவர் தெரியும். கண்ணாடி போடாம விட்டா, மூளை அந்தக் கண்ணைக் கண்டுக்காமலே விட்டுடும். அப்புறம் பெரியவளானா சரி பண்றது கஷ்டம்."

எல்லம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மங்கலாத்தான் தெரியும்னு மொதல்லயே சொல்லிச்சாய்யா டாக்டரம்மா?"

"சொல்லிச்சு போல."

"யோவ் கிளார்க்கு! ஏலத்த வுட்டுட்டு ஓடியாந்தேன்யா!" என்னைத் தள்ளிவிட்டு மேசைக்குப் போனாள். "யம்மா, எம் பேத்தியும் எழுதச் சொன்னா தலவலின்றா. இட்டாரட்டா?"

என் படை அங்கேயே கலைந்தது. வீட்டுக்கு ஓடி, ஆளுக்கொரு பிள்ளையோடு திரும்பி வந்து வரிசையில் நின்றது. நான் குழந்தையோடு மேசைப் பக்கம் நகர்ந்தபோது உதவியாளர் பெண் தடுத்தாள்.

"டோக்கன் இல்லாம எப்படி சார்?"

புதிய டோக்கன் இருபத்தாறு. நிவேதா என் மடியில் தூங்கி எழுந்து, மறுபடி தூங்கினாள்.

கண்ணாடி வந்து அதைப் போட்ட அன்று நோட்டில் ஒரு மீன் வரைந்தாள். இடது கண் நேராக நின்றது. சுமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தை என் முகத்தருகே வந்து அறிவித்தாள்: "தாத்தா, ஒன் காதுல முடி கீது."

கண்ணாடி விஷயத்தைக்கூட ஊர் மறந்துவிட்டது. ஆனால் ரேஷன் கடையில் வரிசை நீண்டால், முன்னால் நிற்கும் என்னைப் பார்த்து எல்லம்மா இன்றும் கூவுகிறாள்: "கிளார்க்கு, போய் ஒரு சண்ட போட்டுட்டு வாய்யா! எங்களுக்கு எடம் கெடைக்கும்!"