கழுவ வேண்டாத தட்டு

"தாங்கும்ணே, தைரியமா பிடி" என்றாள் பார்சலக்கா.

தாங்கவில்லை. காகிதத் தட்டு நடுவில் பட்டென்று மடிந்து, சோறும் கறியும் கூட்டுமாக அறுநூற்று நாற்பது கிராம் அண்ணன் மடியில் இறங்கியது.

"அடிப்பாவி! சுடுது!"

"சுடட்டும். விருந்தன்னிக்கு ஊரான் மடியில கொட்டறதை விட இன்னிக்கு உன் மடியில கொட்டினா நல்லதுதானே?"

பார்சலக்கா என்பது தபால் ஆபீஸ் வைத்த பெயர். முப்பது வருஷம் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தவள். எடை போட்டு, குலுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து ஒருதரம் கீழே போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். விருந்துக்கு வருகிற ஒரு மனுஷர் தட்டில் சராசரியாக எவ்வளவு வைத்துக்கொள்வார் என்பதைக்கூட ஆபீஸ் தராசில் நிறுத்து வைத்திருந்தாள். ஏரிக்கரைப் பூங்காவில் வரவேற்பு. இருநூறு பேர். எல்லாருக்கும் சாப்பிட்டுத் தூக்கிப் போடுகிற தட்டுதான் என்று அவள் சொன்ன நாளிலிருந்து வீட்டில் போர்.

அண்ணன் பேண்ட்டைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தைப் போட்டோமா, வீட்டுக்கு வந்தோமான்னு கமுக்கமா முடிச்சிருக்கலாம். ஊரைக் கூட்டி, மைக்கு வச்சு... அதுவும் காகிதத் தட்டுல!"

"கமுக்கமா முடிக்க, மாப்பிள்ளையை என்ன திருடிக்கிட்டா வர்றோம்?"

"சரி, பீங்கான் தட்டாவது வாடகைக்கு எடு."

"யார் கழுவுறது?"

"அதான் பொம்பளைங்க இத்தனை பேரு இருக்கீங்களே!"

வந்துவிட்டதா வார்த்தை? இதற்காகத்தான் பார்சலக்கா காத்திருந்தாள். இந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் பின்பக்கத்தில் அண்டா தேய்க்கச் சித்தியும், தட்டு கழுவ ஒரு ஆளும் உண்டு. அந்த ஆள் அவள்தான். கைக்குழந்தையோடு ஒண்டியாகப் பிறந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். 'ஒண்டிக்காரிக்கு மேடையில என்ன வேலை?' என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டுகளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான். எத்தனையோ ஜோடிகளுக்கு அவள் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்று, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே வாழ்த்து சொல்லியிருக்கிறாள்.

"இந்தக் கல்யாணத்துல ஒரு பொம்பளை ஒரு தட்டு கழுவக்கூடாது. கழுவினா நான் பார்சல் கவுண்டர்ல இருந்தவ இல்ல" என்றாள்.

"ஆமா, பெரிய சபதம்" என்று அண்ணன் உடை மாற்றப் போனார்.

கல்லூரியில் படிக்கிற மகள் ஒரு வழி சொன்னாள். "ரெண்டு ரெண்டா அடுக்கிக் குடுத்திரலாம்மா."

நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. ஆனால் கறி ஊறினதும் மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் ஒட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் உடைந்தன. இந்தத் தடவை மடி, மகளுடையது.

அடுத்து, வெள்ளி மாதிரி மின்னுகிற பிளாஸ்டிக் தட்டு வந்தது. பார்க்க ராஜ வீட்டுத் தட்டு. கொதிக்கிற சூப்பை ஊற்றினதும் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போலக் கோணிக்கொண்டது.

"பிளாஸ்டிக்காம்மா?" என்று மகள் பதறினாள். "என் ஃப்ரெண்ட்ஸ் மொத்தப் பேரும் வர்றாங்க. குப்பையைப் பத்தி மேடையேறிப் பேசினவ நான். என் மானமே போயிரும்!"

"உன் மானம் போகாம நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த தட்டு கடைசியில் கிடைத்தது. அறுநூற்று நாற்பது கிராம் வைத்தாள். தாங்கியது. எண்ணூறு வைத்தாள். தாங்கியது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டாள். டப்பென்று விழுந்து, ஒன்றும் ஆகாமல் கிடந்தது. "என் ராசா!" என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா வந்து சேர்ந்தாள். தட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"முட்டை அடுக்கற அட்டை மாதிரி இருக்குங்களே. எங்க வீட்டு மனுஷங்க பீங்கானைத் தவிர எதுலயும் சாப்பிட்டதில்லை."

"மாப்பிள்ளைகிட்ட கேட்டாச்சுங்க. எந்தத் தட்டா இருந்தா என்ன, சோறு இருந்தா சரின்னுட்டாரு."

"அவன் எதைத்தான் வேண்டாம்னான்? வாயில்லாப் பூச்சி. அதான் ஆளாளுக்கு அவன் தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

தட்டைத் திட்டுகிறவர்கள் தட்டைத்தான் திட்டுகிறார்கள் என்று நம்புவதற்குப் பார்சலக்கா நேற்றுப் பிறந்தவள் இல்லை. இந்தச் சம்பந்தமே பலருக்குத் தொண்டையில் மாட்டின முள். ஆனாலும் சிரித்தபடி, "மொட்டை மாடிக்கு வாங்க, திறந்த வெளியில எப்படி நிக்குதுன்னு பார்க்கலாம்" என்று கூட்டிப்போனாள்.

நிற்கவில்லை. ஒரு காற்று அடித்தது. சாப்பாட்டைத் தாங்கின வீரன் வெறும் வயிற்றோடு ஜிவ்வென்று கிளம்பி, மாப்பிள்ளையின் அக்கா நெற்றியில் ஒரு போடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குள் போய்விட்டான்.

"நல்ல சகுனம்" என்றாள் அந்த அம்மாள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே பார்சலக்கா மருந்து கண்டுபிடித்துவிட்டாள். பத்துப் பத்துத் தட்டாக அடுக்கி, மெழுகுச் சணலால் குறுக்கும் நெடுக்கும் பார்சல் முடிச்சு போட்டாள். அவள் போட்ட முடிச்சு கடல் கடந்து போய்த் திரும்பி வந்தும் அவிழ்ந்ததில்லை என்று ஆபீஸில் பேச்சு. இனி எந்தக் காற்று தூக்குகிறது பார்ப்போம்!

காற்று தூக்கவில்லை. வரவேற்பன்று மாலை ஏரிக்காற்று துணியைத் தூக்கியது, பூச்சாடியைச் சாய்த்தது, தட்டுக்கட்டுகளை அசைக்க முடியவில்லை. அவற்றை வேறு யாராலும் அசைக்க முடியவில்லை என்பதுதான் தொந்தரவு. பரிமாறுகிறவர்கள் பல்லால் கடித்தார்கள். சமையல்காரர் நகத்தை ஒடித்துக்கொண்டார். பசித்த கூட்டம் வரிசையில் முறுமுறுத்தது.

"தள்ளுங்க எல்லாரும்!" என்று அண்ணன் கத்திரிக்கோலோடு வந்து ஒரு கட்டைச் சரக்கென்று வெட்டினார். பத்துத் தட்டும் பறவைக் கூட்டமாக எழும்பி ஏரிக்குப் போயின. வாத்துகள் மூக்கால் தள்ளிப் பார்த்தன.

மகளும் தோழிகளும் சிரித்துக்கொண்டிருந்த மேடைப் பக்கமிருந்து பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள் பார்சலக்கா. "யாரும் தொடாதீங்க! நான் அவிழ்த்துத் தர்றேன்."

அவிழ்க்கிற சூட்சுமம் அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு இழுப்பு, ஒரு சுண்டு, முடிச்சு கழன்றது. தட்டுகளை இடது கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாக நீட்டினாள். ஐம்பது பேர் போனார்கள். நூறு பேர் போனார்கள். பின்னலில் வைத்திருந்த பூ சரிந்து தோளில் தொங்கியது.

மாப்பிள்ளையின் அக்கா தட்டு வாங்கும் முறை வந்தது. "இப்பவாவது ஒத்துக்கோங்க. பீங்கானா இருந்தா இந்தக் கூத்து உண்டா?"

பார்சலக்கா நிமிர்ந்தாள்.

"ஒத்துக்க மாட்டேன். வரிசை நீளட்டும், வாத்து தின்னட்டும், ஊர் வாயில விழட்டும். அங்க பாருங்க, எங்க சித்தி. எழுபது வயசு வரைக்கும் கல்யாணம்னா கரியும் சோப்புமா நின்னவங்க. இன்னிக்கு முதல் வரிசையில உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடறாங்க. பின்பக்கம் போய்ப் பாருங்க, ஒரு பொம்பளை இல்ல. இனிமே யாரும் எங்களைச் சுவருக்குப் பின்னாடி அனுப்ப முடியாது!"

வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். சித்தி அங்கிருந்தே கரண்டியை உயர்த்தினாள். மாப்பிள்ளையின் அக்கா தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். பார்சலக்கா வெற்றியோடு அடுத்த கட்டை இழுத்தாள்.

யாரோ அவள் கையிலிருந்து அதை மெதுவாகப் பிடுங்கினார்கள். மைக் செட்டுக்காரர். வயர் பிடித்த கையோடு மேடையிலிருந்து வந்திருந்தார்.

"அதை இப்படிக் குடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன். கல்யாணப் பொண்ணு நீங்க இங்கயே நின்னுட்டா, மாப்பிள்ளை எவ்வளவு நேரம்தான் மேடையில தனியா உக்காந்திருப்பாரு?"