ரசமட்டம் அண்ணாச்சியும் எங்கள் வீட்டு பாத்ரூமும்

தென்காசி வட்டாரத்தில் தண்ணீரை மேட்டுக்கு ஓடவைக்கத் தெரிந்த ஒரே மனிதர் ரசமட்டம் அண்ணாச்சிதான். தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வாசலைத் தேடிப் போகும் தண்ணீரை நான் என் இரண்டு கண்ணால் பார்த்திருக்கிறேன். அது என் படுக்கையறைக்குள் வந்து, நான் திருத்தி வைத்திருந்த பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை நனைத்துவிட்டு, பீரோவுக்கு அடியில் போய்த் தங்கியது. நான் கணக்கு டீச்சர். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லிக்கொடுப்பவள் வீட்டில் ஒரு கோணம்கூடச் சரியில்லாமல் ஒருவர் பாத்ரூம் கட்டினால் எரியுமா எரியாதா?

அவர் டைல்ஸ் போடுகிறவர். சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ரசமட்டம் என்பது கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கருவி; அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால் தளம் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சி வேலைக்கு வந்த முதல் நாள் மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார், ஜன்னலில் சாத்தி வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

“அத வச்சுப் பாக்கலயா அண்ணாச்சி?” என்றேன்.

“கண்ணு இருக்கையில கருவி எதுக்கு டீச்சர்? எனக்குப் பார்வையிலயே மட்டம் தெரியும்.”

இவரைக் கூட்டி வந்தது என் வீட்டுக்காரர். “தங்கமான மனுஷன்” என்றார். தங்கமான மனுஷன் யாருக்கு வேண்டும், நேராக டைல்ஸ் போடுகிற மனுஷன் போதும் என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு இது அலங்கார வேலை இல்லை. அப்பா பழைய பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடது இடுப்பில் தகடு வைத்து, திருநெல்வேலியில் தம்பி வீட்டு மாடியில் கிடந்தார். சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, தண்ணீர் தேங்காமல் செய்து, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் வைத்தால்தான் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா காலையும் மாலையும் போன் போடுவார். “ஏட்டி, பாத்ரூம் ஆயிட்டா?” வேறு ஒரு கேள்வியும் கிடையாது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் குறுகிப் போவேன்.

நாலு நாள் வேலை பதினெட்டு நாள் நடந்தது. நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் உடைந்த துண்டுகளை ஒட்டினார். முழு டைல்ஸ் எல்லாம் கதவுக்குப் பின்னால் போயிற்று. பூப் போட்ட சுவர் டைல்ஸ் ஒன்றைத் தலைகீழாக வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, பூ கீழ பாத்து இருக்கு.”

“மேலயிருந்து பாத்தா சரியாத்தான் இருக்கும் டீச்சர்.”

மேலே இருந்து பார்க்க எங்கள் வீட்டில் பல்லிதான் இருக்கிறது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் பாத்ரூம் முடித்தாலும் முதல் குளியல் அவருடையது. வேலை முடிந்த அன்று நல்லெண்ணெய், சோப்பு, துண்டு சகிதம் வந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் பாட்டுச் சத்தம். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே வந்தது. பிறகு நுரை வந்தது. விடைத்தாள்கள் மிதந்தது அப்போதுதான்.

“அண்ணாச்சி! தண்ணி பூராவும் வெளிய வருது!”

தலை துவட்டியபடி கதவைத் திறந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. “புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணு மாதிரி டீச்சர். மொதல்ல வாசல்லதான் நிக்கும். போகப் போக உள்ள போயிரும்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. வகுப்பில் ஒரு பையனிடம் பறித்த கோலிக்குண்டு கைப்பையில் கிடந்தது. அதை எடுத்து வந்து, தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். கோலி ஓட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக உருண்டு, வாசலைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து யோசித்தார்.

“கோலி கோணலா இருக்கு டீச்சர்.”

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. நாளைக்கே வந்து பெயர்த்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் போன் அணைந்திருந்தது. வீட்டுக்காரரை உலுக்கியதில் மெதுவாகச் சொன்னார்: “அருவியில தண்ணி விழுந்துட்டுல்லா. சீசன் ஆரம்பிச்சா மூணு நாளைக்கு அவரு குற்றாலத்துலதான் கெடப்பாரு, சிமெண்டைத் தொட மாட்டாரு.”

அதே நேரம் அப்பாவின் போன். “ஏட்டி, ஞாயித்துக்கிழம நான் கார் வச்சு வாரேன். பாத்ரூம் ஆனாலும் சரி, ஆகாட்டாலும் சரி. இனி இங்கன இருக்க முடியாது.” அன்று புதன்கிழமை.

லீவு சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். பேரருவியில் ஆண்கள் பக்க வரிசையில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார், எண்ணெய் மினுமினுக்க. என்னைப் பார்த்ததும் வரிசையை உடைத்துக்கொண்டு அருவிக்குள் பாய்ந்துவிட்டார். அங்கே பெண்கள் வர முடியாது என்கிற தைரியம். நானும் விடவில்லை. சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு கம்பியோரம் நின்றேன். எவ்வளவு நேரம்தான் குளிப்பார், பார்த்துவிடலாம். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தண்ணீருக்குள்ளிருந்து தலை எட்டிப் பார்க்கும். நான் நிற்பதைக் கண்டதும் மறுபடி உள்ளே போகும். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். “யாரைத் தேடுதீங்கம்மா?”

“என் பாத்ரூமைத் தேடுதேன் சார். அந்தா, அங்கன குளிச்சிட்டு நிக்கி.”

கதையைக் கேட்டவர் விசில் ஊதி அண்ணாச்சியை வெளியே வரவழைத்தார். அவர் வீட்டிலும் யாரோ டைல்ஸ் போட்டிருக்க வேண்டும்.

அண்ணாச்சி உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க வந்து நின்றார். அந்த நிலையிலும் வாய் குறையவில்லை. “டீச்சர், அந்தப் பாறையப் பாருங்க. எவன் ரசமட்டம் வச்சுப் பாத்தான்? ஒரு சொட்டு தேங்குதா?”

அவ்வளவு நாள் அடக்கியது எல்லாம் வெடித்துவிட்டது. “பாறையில எங்கப்பா நடக்கப் போறதில்ல அண்ணாச்சி! நீங்க போட்ட தரையிலதான் நடக்கணும். இடுப்புல தகடு வச்ச மனுஷன். இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்க மாட்டாரு. நீங்க பாட்டுக்குப் பாட்டுப் பாடிக் குளிச்சிட்டுப் போயிருவீய. நான்லா அவரத் தூக்கணும்!”

அருவி இரைச்சலையும் மீறி எல்லோருக்கும் கேட்டிருக்கும். அண்ணாச்சி துண்டைப் பிழிந்தார். “அப்பா என்ன உயரம் இருப்பாரு டீச்சர்? எந்தப் பக்கம் தகடு?” என்றார்.

“எதுக்கு, பாடை கட்டவா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் கோபம் அப்படிப்பட்டது. பிறகு, “இடது பக்கம்” என்றேன். உயரத்தையும் கையால் காட்டினேன்.

மறுநாள் விடியவும் வந்து தரையைப் பெயர்த்தார். ஜன்னலில் இருந்த ரசமட்டத்தை அன்றுதான் நான் கையில் எடுத்துப் பார்த்தேன். குழாய் காய்ந்து கிடந்தது. குமிழியும் இல்லை, நீரும் இல்லை.

“அது வத்தி எட்டு வருஷமாச்சு டீச்சர்” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எட்டு வருடம்! இந்த ஊரில் எத்தனை வீட்டுத் தண்ணீர் படுக்கையறைக்குப் போயிருக்கும்! கடைக்கு ஓடிப்போய்ப் புதிய ரசமட்டம் ஒன்று வாங்கி வந்தேன். மறுநாளும் லீவு. பாத்ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் டைல்ஸ் வைக்க வைக்க நான் ஓட்டைப் பக்கம் சரிவு இருக்கிறதா என்று சோதிப்பேன். தப்பென்றால் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி. அவர் பெயர்த்து மறுபடி வைக்க வேண்டும்.

“டீச்சர், இதுக்குப் பாதி மார்க்காவது போடுங்க.”

“கெடையாது. எடுங்க.”

இருட்டுகிற நேரத்தில் கோலிக்குண்டை வாசலில் வைத்தேன். நிதானமாக உருண்டு ஓட்டைக்குள் விழுந்தது. என்னையறியாமல் கை தட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை கம்பி வைக்க வந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் மனிதர் இடது காலை மடக்கிக்கொண்டு, மூடியிருந்த கக்கூஸ் மேல் உட்காருகிறார், எழுகிறார், உட்காருகிறார், எழுகிறார். விளையாடுகிறார் என்று நினைத்து அதற்கும் ஒரு பாட்டம் திட்டினேன். கம்பி வைத்து முடித்ததும் பார்த்தால், ஒரு முனை நாலு விரல்கடை இறங்கிச் சாய்ந்திருக்கிறது. நான் கத்துவதற்கு வாயைத் திறக்கவும் வாசலில் அப்பாவின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அப்பா வாக்கரைத் தட்டித் தட்டி நேராக பாத்ரூமுக்குள்தான் போனார். நான் பின்னாலேயே போனேன். கம்பியைப் பற்றிக் கக்கூஸில் உட்கார்ந்தார். பிறகு, சாய்ந்திருந்த கம்பியிலேயே கையை மேலே நகர்த்தி நகர்த்தி, யாரையும் கூப்பிடாமல் எழுந்து நின்றார். இரண்டு மாதத்தில் முதல்முறை.

“ஏட்டி, இந்தக் கம்பிய யாரு வச்சது? என் கையக் கேட்டு வச்ச மாதிரில்லா இருக்கு.”

கத்துவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். “அண்ணாச்சி, முதல் குளியல்?” என்று கேட்டேன். அவர் கையில் எண்ணெயும் இல்லை, துண்டும் இல்லை. “இந்த வீட்டுல அது அப்பாவுக்கு” என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவுக்குப் பின்னால் ஒரு டைல்ஸ் இப்போதும் தட்டினால் வெற்றுச் சத்தம்தான் வருகிறது. தலைகீழ்ப் பூவும் அப்படியே இருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வேறு ஆளைக் கூப்பிட்டு மாற்றலாம் என்கிறார் வீட்டுக்காரர். நான்தான் விடவில்லை. சாரல் விழுந்து குற்றாலம் போனால், பேரருவியில் ஆண்கள் பக்கக் கம்பியோரம் என் கண் தானாக அவரைத் தேடுகிறது. திட்டுவதற்குத்தான்.