பூக்குட்டியைக் காணவில்லை

தொழுகை நேரமில்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் புத்தளம் பஸார் அப்படியே நின்றுவிடும். தராசில் மீனைப் போட்டவர் நிறுக்க மாட்டார். பிளேன்டீயை வாயருகே கொண்டுபோனவர் குடிக்க மாட்டார். "யாரு மவுத்து?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யார், எந்த வீடு, எப்போது நல்லடக்கம் என்று கேட்டு முடித்த பிறகுதான் மறுவேலை.

அப்படி ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட ஓர் அறிவித்தல் என்னுடையது. நான் மவுத்தாகவில்லை. (ஆகியிருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.)

நான் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். கலியாணம் முடித்து மனைவியின் ஊரான கம்பளைக்குப் போய், அங்கே வங்கியொன்றில் உதவி முகாமையாளராகி, தலையும் சொட்டையாகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்திருந்த புத்தளமே வேறு. அந்தப் புத்தளத்தில் நான் மாணவத் தலைவன், விவாத மேடைச் சிங்கம், பஸாரில் இறங்கினால் பெரியவர்களே எழுந்து ஸலாம் சொல்வார்கள். இதில் மாணவத் தலைவன் என்பது மட்டும் உண்மை. அதுவும் உண்மையான தலைவனுக்கு அம்மை போட்டதால் கிடைத்தது.

போன வருடம் மனைவி கருவாடு கேட்டாள். கம்பளையில் விற்பதை அவள் கருவாட்டிலேயே சேர்ப்பதில்லை. பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருந்த மகள் நுஹாவும் புறப்பட்டுவிட்டாள்.

"நானும் வாறேன் வாப்பா. ஒங்கட ஊருல அபாயா நல்ல மலிவாம். ஒங்களுக்கு எல்லாரும் எழும்பி ஸலாம் செல்றதயும் பாக்கணும்."

மகளுக்கு இருபது வயது. தனியாக ரயிலேறிப் பல்கலைக்கழகம் போய் வருகிறவள். ஆனாலும் வீதியைக் கடக்கும்போது நான் இன்னமும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். பஸ்ஸில் வழிநெடுக அவளுக்குப் புத்திமதி சொன்னேன். பஸாரில் பிக்பாக்கெட்காரர்கள் இருப்பார்கள் என்று என் கைத்தொலைபேசியைப் பத்திரமாக அவளுடைய கைப்பைக்குள் போட்டு, ஸிப்பையும் நானே இழுத்து மூடினேன். வரப்போகும் வினைக்கு நான் போட்ட அத்திவாரம் அது.

ஓர் அபாயாக் கடைக்குள் நுழைந்தவள், "எனக்கு நேரமெடுக்கும் வாப்பா. நீங்க போய் ஒங்கட கூட்டாளிமாரப் பாருங்க. நான் இந்தக் கடயிலதான் ஈப்பேன்" என்றாள்.

என் கூட்டாளிமார் இருவர். ரிஸ்வி பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறான், பள்ளிவாசல் நிர்வாகசபையிலும் இருக்கிறான். செல்வம் கடலோர ஊரான உடப்பில் படகு வைத்திருப்பவன். நான் வருகிறேன் என்றதும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். ரிஸ்வியின் கடையில் மூன்று சொட்டைத் தலைகளும் உட்கார்ந்து பழைய கதை கதைத்ததில் நேரம் போனதே தெரியவில்லை. பிறகு கருவாட்டை வாங்கிக்கொண்டு மகளைக் கூப்பிடப் போனேன்.

நான் இருந்த காலத்தில் அந்த வீதியில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். இப்போது வரிசையாக அபாயாக் கடைகள், ஒரே மாதிரிக் கண்ணாடிக் கதவுகள், வாசலில் ஒரே மாதிரித் தலையில்லாத பொம்மைகள். இதுதான் என்று ஒன்றுக்குள் உறுதியாக நுழைந்தேன்.

"மகள் எங்க?"

கடைக்காரர் என்னையும் கருவாட்டுப் பையையும் பார்த்தார். "எந்த மகள்?"

அந்தக் கேள்வியோடு என் மூளை வேலை நிறுத்தம் செய்துவிட்டது. பக்கத்துக் கடையில் கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. நேரே ரிஸ்வியின் கடைக்கு ஓடி, அவனுடைய தொலைபேசியில் என் இலக்கத்துக்கு அழைத்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? தொழுகையில் அலறிவிடுமோ என்ற பயத்தில் நான் அதை எப்போதும் ஊமையாகவே வைத்திருப்பவன். மகளின் இலக்கமோ அந்த ஊமைக்குள்தான் இருந்தது.

"இருவது வயசுப் பிள்ளை எங்கயடா போகப் போகுது? இரு, இன்னொரு பிளேன்டீ குடிப்பம்" என்றான் செல்வம்.

அவனுக்கென்ன, மூன்றும் பையன்கள். என் கற்பனையில் அதற்குள் யாரோ அவளை வேனில் ஏற்றி, வேன் அநுராதபுரத்தையும் தாண்டிவிட்டது.

"பதறாத மச்சான், பள்ளி ஸ்பீக்கர்ல செல்லுவோம்" என்றான் ரிஸ்வி.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபடி கேட்டார். "பிள்ளைட பேரென்ன?"

"பூக்குட்டி." (வீட்டில் கூப்பிடும் பெயர். நுஹா என்ற பெயர் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தால்தானே!)

"வயசு?"

"சின்னப்பிள்ள."

"என்ன உடுத்தீக்கி?"

"கறுப்பு அபாயா."

மோதினார் ஜன்னல் வழியே வீதியைப் பார்த்தார். வீதி முழுக்கக் கறுப்பு அபாயாக்கள். ஒரு பெருமூச்சு விட்டு ஒலிவாங்கியைத் திறந்தார்.

"பூக்குட்டி என்ற சின்னஞ்சிறு பெண்பிள்ளையைக் காணவில்லை..." என்று ஊருக்குக் கேட்கத் தொடங்கியபோதே நான் கருவாட்டுப் பையோடு ஊரையொட்டிய கடல்நீர் ஏரியான களப்பின் கரைக்கு ஓடிவிட்டேன். ஏன் களப்பு? நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது காணாமற்போனவர்களை முதலில் தேடியது அங்கேதான். (இருபது வயது மகள் அபாயா வாங்க வந்த இடத்தில் களப்புக்குள் ஏன் இறங்க வேண்டும் என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள்.) வழியில் நடுவீதியில் நின்ற கழுதைகள்கூட என்னைக் கண்டு ஒதுங்கின.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் மூச்சுவாங்க விசாரித்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மற்றுமோர் அறிவித்தல். சற்று முன்னர் காணாமற்போனதாக அறிவிக்கப்பட்ட பூக்குட்டி என்ற பிள்ளை தானாகவே பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்துள்ளார். அவர் பல்கலைக்கழக மாணவி என்பதையும் அறியத் தருகின்றோம். தற்போது பிள்ளையின் தகப்பனாரைக் காணவில்லை. சொட்டைத் தலை. கோடு போட்ட சேர்ட். கையில் கருவாட்டுப் பை."

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். வலைக்காரர் என் தலையைப் பார்த்தார், சேர்ட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். தலையை எங்கே மறைப்பது?

அத்தோடு விட்டிருக்கலாம். ஒலிவாங்கியை யாரோ பறிக்கும் சத்தம், பிறகு ரிஸ்வியின் குரல்.

"டேய் கழுத நஸீர்! எங்கடா போய்த் தொலஞ்ச? மகள் இங்க ஈக்கிறா, ஓடி வாடா!"

வலைக்காரரின் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா கழுத நஸீர்? எங்கட வாப்பா செல்லிச் செல்லிச் சிரிப்பாரே!"

படிக்கிற காலத்தில் ஒருநாள் கூட்டாளிமாரிடம் வீரம் பேசி, வீதியில் நின்ற கழுதையொன்றில் ஏறினேன். அது என்னைச் சுமந்துகொண்டு ஓடிய ஓட்டம் பெண்கள் பாடசாலையின் காலைக் கூட்டத்துக்கு நடுவில் போய்த்தான் நின்றது. என் விவாதங்களையெல்லாம் மறந்துவிட்ட ஊர், இதை மட்டும் மறக்கவில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தேன்.

வலைக்காரரே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வழிநெடுக, "ஆள் கிடச்சிட்டார்!" என்று கூவிக்கொண்டே ஓட்டினார். கடைகளிலிருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பெரியவர்கள்கூட எழுந்து நின்றார்கள். நான் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தது அப்படியே நடந்தது.

பள்ளிவாசல் வாசலில் பெருங்கூட்டம். ஐஸ்பழம் தின்றுகொண்டிருந்த ஐந்து வயதுப் பிள்ளையொன்றை யாரோ பூக்குட்டி என்று தூக்கி வந்திருக்க, "இது என்ட புள்ள! கடைவாசல்ல நிண்ட புள்ளய ஏன் தூக்கின?" என்று அதன் உம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என் மகள்.

"வாப்பா, நீங்க போனது அடுத்த கட. பாவம் யாரோ சின்னப்புள்ளயாம் எண்டு கடயில எல்லாரும் தேட வெளிக்கிட்டாங்க. நானும் செருப்பப் போட்டேன். பேரை ரெண்டாந்தரம் செல்லக்குள்ளதான் விளங்கிச்சி, அது நான் எண்டு."

எல்லோர் முன்னாலும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உதறவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"வாப்பா, கழுத நஸீர் யாரு?"

செல்வம் அதற்காகவே காத்திருந்தவன் போல முன்னால் வந்தான். கழுதையின் சத்தத்தோடு முழுக் கதையையும் நடித்துக் காட்டினான். அன்று பஸ் நிலையம் வரைக்கும் அவள்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போனாள், விடவேயில்லை.

இன்றும் நான் குளியலறையில் கொஞ்சம் சுணங்கினால் சின்ன மகன் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "மற்றுமோர் அறிவித்தல்" என்று தொடங்கிவிடுவான். போன மாதம் நுஹாவைப் பெண் கேட்டுப் புத்தளத்திலிருந்து நல்ல குடும்பமொன்று வந்தது. பிள்ளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் விசாரியுங்கள் என்று நான் முகாமையாளர் மிடுக்கோடு சொன்னேன். மாப்பிள்ளையின் வாப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளயப் பத்தி என்னத்த விசாரிக்க? ஊரே கேட்டிச்சே. ஒரேயொரு விசயம்தான். நிக்காஹ் அண்டைக்கு வாப்பாவ மட்டும் யாராச்சும் கையில புடிச்சி வெச்சிக்கோங்க."