கம்பைலருக்குப் போட்ட ஈரக்கோணி

பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எது சூடானாலும் கை தானாக ஈரக்கோணியைத் தேடும். ஏழாயிரம்பண்ணையில் பாதி வயசை அப்படிக் கழித்தவள் நான், பெண்ணாட்களுக்கு மேற்பார்வை. மருந்து அறை வாசலில் நனைத்த கோணி கிடக்காவிட்டால் முதலாளியையே உள்ளே விடமாட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் மருமகள் ராணியின் படிப்பில் கை வைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் ராணி விருதுநகரில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அப்போது தெருவுக்கே அது ஒன்றுதான். (எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் வருகிறவர்களுக்கு, மூடிவைத்த துணியை விலக்கி அதைக் காட்டுவது நான்தான்.)

"இதுல அப்பிடி என்னதான் தாயி செய்றே?" என்று கேட்டேன்.

"கம்பைலர்னு ஒண்ணு அத்தை. நாம எழுதுற புரோகிராமை மிஷினுக்குப் புரியுறாப்புல மாத்திக் குடுக்கும். மொதல்ல படிக்கும், தப்புப் பாக்கும், சுருக்கும், கடைசியில எழுதிக் குடுக்கும். இதுல எந்த வேலைக்கு எம்புட்டு நேரம் போகுதுன்னு அளந்து சொல்லணும். அதான் என் புராஜெக்ட்."

"எந்த எடத்துல மசமசன்னு நிக்குதுன்னு பாக்கணும். இம்புட்டுத்தானே? கம்பெனியில நான் பாத்த வேலைதான்."

தினமும் காலையில் பெரிய புரோகிராம் ஒன்றை ஓடவிட்டு, "பெட்டியை யாரும் தொடாமப் பாத்துக்கோங்க அத்தை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போவாள். கொஞ்ச நேரம் பெட்டி சாதுவாக இருக்கும். சுருக்குகிற வேலை வந்ததும் உள்ளே காற்றாடி உறுமும். தொட்டால் சுடும். சித்திரை வெயில் வேறு. எங்கள் ஊரில் சூட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்பளை உண்டா? கோணியை நனைத்து, பின்பக்க ஓட்டையெல்லாம் மூடும்படி போர்த்திவிட்டேன். (நன்றாகப் பிழிந்துதான் போட்டேன். கரண்டு விஷயம் எனக்குத் தெரியாதா?) உறுமல் அமுங்கியது. ராணி வருவதற்குள் எடுத்துக் கொடியில் போட்டுவிடுவேன். செய்த உபகாரத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது அல்லவா.

ராணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. "சுருக்குற எடத்துலதான் அத்தை அம்புட்டு நேரமும் போகுது. ஏன்னே தெரியல." அந்தப் பகுதியை அழித்து அழித்து எழுதினாள். அளந்தால் பழைய கதைதான்.

"சோம்பேறிப் பய. பக்கத்துலயே ஆளு நின்னா ஓடுவான்" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

வேறு வழியில்லாமல் அப்படியே ரிப்போர்ட் எழுதி பைண்டிங் போட்டாள். காலேஜில் புராஜெக்டைக் காட்டவேண்டிய நாளில் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனோம். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள நான்.

பரீட்சைக்கு வந்திருந்த சார் ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினாள். சுருக்குகிற வேலை சட்டென்று முடிந்துவிட்டது. சார் திரையையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுருக்குறதுக்குத்தான் பாதிக்கு மேல நேரம் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. இங்க அப்படி இல்லையே. இதெல்லாம் அளந்து எழுதினதா, கற்பனையாம்மா?"

பட்டம் போனால், சென்னைக் கம்பெனி ஒன்று தருவதாகச் சொன்ன வேலையும் போய்விடும். வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. என் மருமகள் பொய்க்காரியா?

"அவ மேல தப்பில்லைங்கய்யா. கோணி போடல, அதான் இப்பிடித் தறிகெட்டு ஓடுது" என்றேன்.

"என்ன போடல?"

பையிலிருந்து எடுத்தேன். (ஆமாம், கொண்டுபோயிருந்தேன். நனைத்து, பிழிந்து, பாலித்தீன் பையில்.) பெட்டிக்குப் போர்த்தினேன்.

"இப்ப ஓட்டு தாயி."

படித்தது. தப்புப் பார்த்தது. சுருக்க ஆரம்பித்ததும் நொண்ட ஆரம்பித்தது. ரிப்போர்ட்டில் இருந்தது அப்படியே திரையில் வந்தது. சூடு மிஞ்சினால் அந்தப் பெட்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். நான் அது மூச்சுவிடுகிற வழியை அடைத்திருக்கிறேன். சார்தான் விளக்கினார், சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

ராணி மெதுவாகத் திரும்பினாள். "தெனமுமா அத்தை?"

"ஒரு நாள் தவறல தாயி" என்றேன், பாராட்டுகிறாள் என்று நினைத்து.

சார் நல்ல மனுஷர். கோணியில்லாமல் மறுபடி அளந்து, கோணியோடு அளந்ததையும் தனி அத்தியாயமாகச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். சேர்த்தாள். பட்டமும் வந்தது, வேலையும் வந்தது.

சென்னையில் அவள் ஆபீசில் எது மெதுவாக ஓடினாலும் முதல் கேள்வி, "யாரு வீட்டு அத்தை வந்திருக்காங்க?" என்பதுதானாம். நான் அங்கே போனால் என் மகன் வாசலிலேயே பையைச் சோதிக்கிறான்.

"அம்மா, கோணி இருக்கா?"

"இல்லைலே" என்பேன்.

(பையில் புடவைக்கு அடியில் கோணித் துண்டு ஒன்று இருக்கிறது. சென்னையில் மட்டும் வெயில் இல்லையா?)