தேங்காய் எண்ணெய் போட்டு மாட்டிய கிரிப்

ஏழாம் வகுப்புக்கு உருகுநிலை பாடம் எடுக்கும் நாளில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. அறிவியல் டீச்சர் எதற்கும் பயப்படாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு கீழ்பென்னாத்தூரில். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. நான் ஏறும் பஸ், பெரும்பாலும் முதல் மணி அடித்த பிறகுதான் என்னைக் கொண்டுபோய் இறக்கும். இன்னும் ஒரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அப்பா சம்மதிக்க வேண்டுமே! அவருக்கு மெயின் ரோடு என்றாலே பயம். தன் பைக்கையே மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுகிறவர்.

கெஞ்சிக் கூத்தாடியதில், ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைப்பதாக ஒப்புக்கொண்டார். அவர் பைக்கை நான் ஓட்ட வேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். திருவண்ணாமலை வரை ஒழுங்காக ஓட்டினால் அங்கேயே ஸ்கூட்டருக்குச் சொல்லிவிடலாம். இல்லையென்றால் காலத்துக்கும் பஸ்தான்.

"ஓட்டுறது பெருசில்லம்மா. நடுவழியில வண்டிக்கு ஒண்ணுன்னா இன்னா பண்ணுவ?" என்று ஒரு கொக்கியும் போட்டார்.

அந்தக் கொக்கியில்தான் நான் போய் மாட்டினேன். அவர் பைக்கின் ஹேண்டில்பார் ரப்பர் கிரிப் இரண்டும் வெடித்து, வெயிலில் பிசுபிசுத்துப் போய், பிடித்த கையைக் கறுப்பாக்கும். புது கிரிப் வாங்கி அலமாரியில் வைத்து ஒரு மாதமாகிறது. அன்று விடியற்காலையில் அவர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும், நானே மாற்றி அசத்துவதென்று வாசலில் உட்கார்ந்தேன்.

போனில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டினார். பழையதை பிளேடால் நீளவாக்கில் கீறி உரிக்க வேண்டும். உரித்தேன். புதியது இறுக்கமாக இருக்கும், வெறுமனே தள்ளினால் ஏறாது. உள்ளே ஹேர் ஸ்பிரே அடித்தால் வழுக்கிக்கொண்டு ஏறும் என்றார். எங்கள் வீட்டில் ஹேர் ஸ்பிரேவுக்கு எங்கே போவது? யோசித்தேன். ஹேர் ஸ்பிரே என்பது தலைக்குப் போடுவது. நம் வீட்டில் தலைக்குப் போடுவது எது? (பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. சான்றிதழ் பீரோவில் இருக்கிறது.)

ஹேர் ஸ்பிரே காய்ந்ததும் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் அது என்று அந்த மனிதர் கடைசியில் சொல்லியிருக்கிறார். கடைசிவரை பார்க்கிற பொறுமைதான் எனக்கு இல்லை.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் டப்பாவுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஸ்பூனால் தோண்டி, கிரிப்புக்குள் தாராளமாக அப்பினேன். இரண்டும் சர்ரென்று ஏறிவிட்டன. அரை மணி நேரம் கழித்துத் திருகிப் பார்த்தேன். ஊஹூம், அசையவே இல்லை. தெருக்கோடி வரை ஓட்டியும் பார்த்தேன்.

"எண்ணெ டப்பா எங்கடி?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா வந்து கிரிப்பை அழுத்திப் பார்த்தார். "அட, கெட்டியா இருக்குதே! யார் போட்டது?"

"நான்தான்பா."

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. பாதிப் பரீட்சை பாஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம். எதிரே தூரத்தில் மலை. முதுகில் நல்ல வெயில். நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ரப்பர் மட்டும் சுற்றியது. வண்டி வேகமெடுக்கவில்லை.

"பரவாயில்லையே, என்னைவிட மெதுவா போற," என்று அப்பா பாராட்டினார். சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சினார். "தேங்கா எண்ணெ வாசனை வருதே. தலைக்கு ஜாஸ்தி வெச்சுட்டியா?"

"ஆமாம்பா," என்றேன். அன்று காலைதான் ஷாம்பு போட்டுக் குளித்திருந்தேன்.

குனிந்து பார்த்தேன். மணிக்கட்டில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. உருகுநிலை! பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய அதே உருகுநிலை! அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பரீட்சை போச்சு; மறுபடி பஸ், முதல் மணி, வேலையும் போச்சு. நான் வேலைக்குப் பயந்து உயிரைப் பணயம் வைத்தேன். என் உயிரோடு அப்பாவின் உயிரையும் சேர்த்து.

ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது கிரிப் ஒரு விரற்கடை வெளியே நகர்ந்தது. நான் உள்ளே தள்ளுவேன், அது வெளியே வரும். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கியர் மாற்றலாமென்று கிளட்சைப் பிடிக்கப் போனேன். கிரிப் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. என் இடது கை, கத்தரிக்காயைப் பிடித்த மாதிரி கிரிப்பைப் பிடித்தபடி, காற்றில் நீண்டிருந்தது.

"எதுக்கும்மா கை காட்டுற? லெஃப்ட்ல ரோடே இல்லியே!" என்றார் அப்பா.

ஆனால் வண்டி லெஃப்ட்டில்தான் போனது. ரோட்டோரம் காயப் போட்டிருந்த நெல்லுக்குள் புகுந்து, உழுதுகொண்டே போய், உறுமி, அணைந்து நின்றது. எப்படி விழாமல் நின்றோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? நெல்லு மேல ஏத்துற!" என்று துடைப்பத்தோடு ஓடிவந்த நெல்லுக்காரப் பெண்மணி ஒருவர், என் கையிலிருந்த கிரிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். வலது கை வண்டியை விடவே இல்லை. அப்பா இறங்கி வந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். பிறகு என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.

"தலைக்கு வெச்சதா இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துடைப்பத்தை வாங்கி நெல்லைக் கூட்டிக் குவிக்க ஆரம்பித்தார்.

கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனதும் ஒரு மெக்கானிக் கடை வந்தது. மெக்கானிக் ஹேண்டில் கம்பியைத் தொட்டதும் கையை உதறினார். "எந்தப் புத்திசாலிங்க எண்ணெ போட்டு மாட்டினது?"

நான் தலை குனிந்துகொண்டேன்.

"நான்தான்," என்றார் அப்பா.

மெக்கானிக் பெட்ரோலில் துடைத்து, காயவிட்டு, பசை போட்டு மாட்டிக் கொடுத்தார். அப்பா சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டு. எனக்குக் கால் இன்னும் நடுங்குது." அன்றைக்கே ஸ்கூட்டருக்குச் சொல்லியாகிவிட்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு: வாழ்நாளில் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது.

பிற்பாடு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "பொண்ணு வண்டி நல்லா ஓட்டும். எண்ணெ டப்பாவ மட்டும் கையில குடுத்துடாதீங்க," என்றார் அப்பா. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். (அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.)

இப்போதும் மார்கழி பிறந்துவிட்டால், நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் போன் வரும்.

"எண்ணெ உறைஞ்சிருக்குதா, உருகிடுச்சா?"

"உறைஞ்சிருக்குப்பா."

"அப்ப தைரியமா கெளம்பு." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பக்கத்தில் அம்மாவும் சிரிப்பது கேட்கும்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் நான் கூப்பிடுவேன். ஒரு நாள்கூட அவர் எடுக்க இரண்டாவது ரிங் போனதில்லை.